மூன்றாவது அடி

டிசம்பர் 2, திங்கள்

இந்த வருடமும் கதாநாயகன் நான்தான். மில்லில் வேறு ஆளே இல்லையா என்று கேன்டீனில் யாரோ கேட்டானாம். இருந்தால் கொண்டு வரட்டுமே! பத்தொன்பது வருடமாகப் பொங்கல் விழாவுக்கு மேடையேறுகிறேன். டைம் ஆபீஸ் கிளார்க் சோலையப்பன் என்றால் முகத்தைச் சுளிக்கிறவன்கூட (லேட்டாக வந்தால் அரை நாள் வெட்டுவேன், அந்தக் கோபம்) நடிகர் சோலையப்பன் என்றால் இடம் விட்டு உட்காரச் சொல்வான்.

எழுதி இயக்குவது எப்போதும்போல இன்னாசி. ஸ்பின்னிங்கில் பிட்டர், என் கூட்டாளி. இந்தத் தடவை எழுத மூன்று மாதம் எடுத்துக்கொண்டான். பெயர் 'மடை மணி'. சோக நாடகமாம். "பொங்கலும் அதுவுமா எவன் வே உக்காந்து அழுவான்?" என்று கேட்டேன். "நீரு நடிச்சா அழுவாக" என்றான். எனக்கு எங்கே சொறிந்தால் சுகம் என்று அவனுக்குத் தெரியும்.

ரேஷனில் பாமாயில் வந்திருக்கிறது. வடிவு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கி வந்தாள்.

டிசம்பர் 4, புதன்

கிளப் அறையில் முதல் வாசிப்பு. கதை இது. ஒரு கண்மாய்க்கரை ஊர். மடையைத் திறக்கும் முன்னால் மடைக்காவல்காரன் மூன்று முறை மணி அடிக்க வேண்டும். வாய்க்காலில் குளிக்கிறவர்களும் துவைக்கிறவர்களும் கரையேறுவதற்கு அதுதான் அறிவிப்பு. ஒரு நாள் பட்டப்பகலில் தண்ணீர் நான்கு பேரை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மணியே அடிக்கவில்லை என்று காவல்காரன் மேல் பழி விழுகிறது. அடித்தேன், அடித்தேன் என்று அவன் கதறுகிறான். கேட்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் ஒருவன் கேட்டிருக்கிறான். ஊர்ப் பெரிய மனிதன் சடையாண்டி. எங்கிருந்து கேட்டான்? வாய்க்கால் ஓரத்து வைக்கோல் கொட்டகையிலிருந்து, மனைவியல்லாத ஒருத்தியோடு இருந்தபோது. மணி அடித்தது என்று சொன்னால் இதையும் சொல்ல வேண்டும்.

சடையாண்டி நான்.

மூன்றாம் காட்சியில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மார்கழி நெருங்குகிறதல்லவா, பனி. இன்னாசி என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. தான் எழுதிய காகிதத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அவ்வளவு பார்க்க என்ன இருக்கிறது?

டிசம்பர் 5, வியாழன்

ஒத்திகைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்னாசி வீட்டுக்குப் போனேன். பூசை முடித்து வந்து கொல்லையில் கோழி அரிந்துகொண்டிருந்தான். அவன் பெண்சாதி இல்லாத இடமாகப் பார்த்துக் கேட்டேன்.

"தூத்துக்குடி நாடகப் போட்டிக்குப் போயிட்டுத் திரும்புறப்போ ரயில்ல ஒமக்கு ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணீரு."

"பண்ணேன். யார்கிட்டயும் சொல்லலையே."

"நாடகமா எழுதி ஆயிரம் பேரு முன்னால வைக்கிறதுக்குப் பேரு என்ன வே?"

கத்தியைக் கழுவி ஓரமாக வைத்தான். "அதுல மில்லு இருக்கா? கார்டிங் இருக்கா? கண்மாயும் மடையும்தான் இருக்கு. ஒருத்தனுக்கும் தெரியாது. ஒம்மகிட்ட கேட்டதை ஒம்மகிட்டயே திருப்பிச் சொல்லியிருக்கேன், அவ்வளவுதான்."

நான் நடிக்க மாட்டேன் என்றேன். "சரி, தங்கப்பழத்தைப் போட்டுக்கிடுதேன்" என்றான் அலட்டிக்கொள்ளாமல். தங்கப்பழம்! வாயில் 'ழ' வராது. தன் பேரையே தங்கப்பளம் என்பான். அவனிடமா சடையாண்டியைக் கொடுப்பது? விடுவேனா? நடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரயிலில் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். நம்பிச் சொன்னேன். கூடப் பிறந்தவன் மாதிரி நினைத்துச் சொன்னேன். எட்டு வருடம் பொத்தி வைத்திருந்து இப்போது முதுகில் குத்துகிறான். துரோகம் என்பதற்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்?

டிசம்பர் 14, சனி

ஒத்திகையில் வாய்ச்சண்டை. சடையாண்டி நல்லவனா, கெட்டவனா என்று கேட்டேன். அது தெரிந்தால்தானே எப்படி நடப்பது, எப்படி நிற்பது என்று முடிவுசெய்ய முடியும்.

"நேர்மையானவன்" என்றான் இன்னாசி.

"பெஞ்சாதிக்குத் துரோகம் பண்ணவன் எப்படி வே நேர்மையானவன்?"

"தப்பு பண்ணான். ஆனா அதுக்கு வேற பேரு வச்சுக்கிடலை. ராத்திரி பகலா அது அவனை அரிக்குது. அந்த அரிப்புதான் நேர்மை."

"அரிச்சு என்ன புண்ணியம்? காவல்காரன் தூக்குல தொங்குனப்புறம்ல வந்து வாயைத் தொறக்கான். செத்தவனுக்கு அதனால என்ன பிரயோசனம்?"

"ஒண்ணும் இல்லை. அதான் சோகம்."

"அப்ப ஒரு காட்சி முந்தியே சொல்ல வச்சிரும்."

"நானா மாட்டேங்கேன்?" என்றான்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ ஜோக் என்று சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. போகும்போது வழக்கமான பல்லவியை வேறு பாடினான். "எழுதுனதைப் பேசும். சொந்தச் சரக்கு சேக்காதியும்." எப்போதும் இதே பேச்சு. போன வருடம் நான் சேர்த்த நாலு வரிக்குத்தான் கைதட்டல் விழுந்தது. அதை ஒத்துக்கொள்ள மனசு வராது.

டிசம்பர் 21, சனி

சைக்கிள் பஞ்சர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு கடை திறந்திருக்கவில்லை. பால்வண்ணம் கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பால்வண்ணம் எங்கள் மில்லில், பஞ்சு சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் பிட்டராக இருந்தவன். எட்டு வருடத்துக்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அவன் மெஷினை ஓட்டிவிட்டபோது, உள்ளே பஞ்சு வழித்துக்கொண்டிருந்த கனியம்மாவின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஓட்டும் முன்பு, வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் மூன்று அடி அடிக்க வேண்டும் என்பது சட்டம். அடித்தேன் என்றான். மில்லுக்குள் எல்லாரும் இரைச்சலுக்காகக் காதில் பஞ்சு அடைத்திருப்பார்கள், கனியம்மாவும்தான். கேட்டவர் யாரும் இல்லை. விசாரணை நடந்து, டிஸ்மிஸ். அதை எதிர்த்துக் கோர்ட்டில் இன்னும் வழக்கு நடத்துகிறான். இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை.

டியூபை வாளியில் முக்கிக்கொண்டே சொன்னான். "பிப்ரவரி மூணாம் தேதி மதுரையில கடைசி வாய்தா அண்ணாச்சி. சாட்சி இருந்தாக் கொண்டாங்க, இல்லைன்னா முடிச்சிருவோம்னுட்டாக."

"ஓ" என்றேன்.

அப்போது கனியம்மா அந்த வழியாக வந்தாள். கடையைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய், காறித் துப்பிவிட்டு நடந்தாள். பால்வண்ணம் நிமிரவே இல்லை, பழகிப்போயிருக்கும். என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்றான். வற்புறுத்திக் கொடுத்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

பின்னால் யாரும் திரித்துவிடக் கூடாது என்பதற்காக நானே எழுதி வைக்கிறேன்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். டைம் ஆபீஸ் அந்தத் தண்டவாளத் துண்டிலிருந்து முப்பது அடி தூரம். என் காதில் பஞ்சு கிடையாது. எனவே என் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. "அந்த நேரம் சீட்டில் இருந்தேன். மணிச் சத்தம் கேட்கவில்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முதல் நாள் மேனேஜர் கூப்பிட்டிருந்தார். மெஷினுக்கு மூடி போடாதது மில்லின் தப்பு என்று ஆகிவிடும், பிட்டர் மணி அடிக்கவில்லை என்றால் அந்தப் பேச்சே எழாது என்று அவர் விளக்கவெல்லாம் இல்லை. "மிஸ்டர் சோலையப்பன், அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். வேஸ்ட் குடோன் வாட்ச்மேன் சொல்லிட்டான். நாம சீட்டுல இருந்ததா எழுதிக்குவோம். மணி கேக்கலைன்னு எழுதிக்குவோம். சரிதானா?" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். காபி கொடுத்தார்.

வேஸ்ட் குடோனில் கழிவுப் பஞ்சு எடை போடுகிறவள் பெயரை எழுத மாட்டேன். அவள் அடுத்த மாதமே திருப்பூர் போய்விட்டாள். மூன்று மாதப் பழக்கம். முடிந்துபோன விஷயம்.

கேட்கவில்லை என்றுதான் சொன்னேன். அடிக்கவில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

ஜனவரி 6, திங்கள்

வருடா வருடம் வடிவுதான் எனக்கு வசனம் பாடம் கேட்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கேட்பதுபோலக் காகிதத்தை வைத்துக்கொண்டு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அந்தக் குறையை இப்படித் தீர்த்துக்கொள்கிறாள் என்று கேலி செய்வேன். இந்த வருடம் நானாகக் கேட்கவில்லை. அவளாகவே காகிதத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

சடையாண்டி பெண்சாதியின் வசனத்தை அவள் வாசிக்க வேண்டும். 'நீ எங்கே இருந்தே?' என்று ஒரு வரி. உப்பு இருக்கா, புளி இருக்கா என்று கேட்கிற குரலில் வாசித்தாள். எனக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. எடுத்துக் கொடுக்காமல் சும்மா இருந்தாள்.

"சொல்லு, அடுத்து என்ன?"

"இவன் ஏன் முதல்லயே சொல்லலை?" என்றாள்.

"கதை அப்படி."

"கதை சரி. இவன் ஏன் சொல்லலை?"

"பயம். மானம். பெஞ்சாதி என்ன நெனைப்பாளோன்னு இருக்கும்."

"அவகிட்ட கேட்டானாமா?"

இன்னாசி எழுத்தில் இப்படிப் பொட்டச்சிகள் எல்லாம் குற்றம் கண்டுபிடிக்கும்படி ஓட்டை இருக்கிறது. அதை அவனிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 13, திங்கள்

சடையாண்டிக்கு மீசை ஒட்டிப் பார்த்தோம். பசை அரிக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

நாடகம் நடந்தது. நடந்தது என்று எழுதினால் போதுமா? இந்த ஊர் இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை!

மைதானம் நிறையக் கூட்டம். மில் ஆட்கள், வெளியாட்கள், பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். மேனேஜர் முன்வரிசையில் மாலையோடு. கடைசிக் காட்சியில் சாவடிக்கு முன்னால் காவல்காரன் உடலைக் கிடத்தியிருக்கிறார்கள். நான் வருகிறேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "மணி அடிச்சுது. என் ரெண்டு காதால கேட்டேன்" என்று சொன்னேன்.

அப்போது ஒரு அமைதி விழுந்தது பாருங்கள். குழந்தை அழுவதுகூட நின்றுவிட்டது. அந்த அமைதியை மேடையில் நின்று அனுபவித்தவனுக்குத்தான் அதன் ருசி தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருக்கும். எழுதியிருந்தது அடுத்த வரிக்குப் போக வேண்டியது. நான் போகவில்லை. வாய் தானாகப் பேசியது. "முதல் அடி கணீர்னு கேட்டுது. ரெண்டாவது அடியும் கணீர்னு கேட்டுது. மூணாவது மட்டும் அமுங்கி விழுந்துச்சு, சாக்குக்குள்ள கல்லைப் போட்டாப்பல. நான் கேட்டேன்யா! இந்தப் பாவி கேட்டேன்!"

விசில். கைதட்டல். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நடுக்கூட்டத்தில் யாரோ ஒருவன் எழுந்து நின்றான். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். ஒன்றுக்குப் போகிறவன் என்று நினைத்தேன்.

சிறந்த நடிகர் கோப்பையை மேனேஜர் கையால் வாங்கினேன். கை குலுக்கும்போது அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னாசி திரைக்குப் பின்னால் பந்தல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பாராட்டவில்லை. "ஏன் வே அதைச் சேத்தீரு?" என்று மட்டும் கேட்டான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் பால்வண்ணம். கூட்டத்தில் எழுந்து நின்றவன் அவன்தான்.

உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, மூணாவது அடி அமுங்குனது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் வாயைக் கொப்பளித்தேன்.

"அன்னைக்கு மூணாவது அடி அடிக்கையில கம்பி முறுக்கி, துண்டு தூண்ல போய் இடிச்சிருச்சு. சத்தம் அமுங்கிருச்சு. விசாரணையில சொன்னேன். ஆபீசர் சிரிச்சுக்கிட்டே, இதெல்லாம் வேண்டாம்னு காயிதத்துல எழுதவே இல்லை. எங்க வீட்டுல உள்ளவகளுக்குக்கூடத் தெரியாது."

"அது நாடக வசனம். இன்னாசி எழுதுனான், நான் பேசுனேன்."

"இன்னாசியண்ணனைப் பாத்துட்டுத்தான் வாரேன். எழுதலைன்னுட்டாரு."

"அப்ப, நடிகன்னா நாலு வார்த்தை தானா வரும். கற்பனை. நீ இதைக் கேசு கீசுன்னு..."

"கேசுக்காகக் கேக்கலை அண்ணாச்சி." அவன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எட்டு வருசமா அந்த மூணு அடியையும் மனசுக்குள்ள அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன். இப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நெசமா அடிச்சேனா, இல்லை அடிச்சதா நானே நெனைச்சுக்கிட்டேனா? அந்தக் கனியம்மா துப்பும்போதெல்லாம் சரியாத்தான் துப்புதாளோன்னு தோணுது. ஒரு ஆளு கேட்டிருந்தாப் போதும். கோர்ட்டுக்கு வர வேண்டாம். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் வேண்டும். "கற்பனைதான் பால்வண்ணம்" என்றேன்.

வடிவு கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்தாள்.

"கற்பனை இல்லை தம்பி. மூணு அடி அடிச்சீக. மூணாவது அமுங்கித்தான் விழுந்துச்சு. அன்னைக்கு இவுகளுக்குச் சோறு கொண்டாந்து டைம் ஆபீஸ் வாசல்ல நின்னேன். நான் கேட்டேன்."

பால்வண்ணம் தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. வடிவு பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரை வைத்தாள். நான் பல்பொடிக் கையோடு நின்றேன்.

அவன் போன பிறகு கேட்டேன். "அன்னைக்கு நீ சோறே பொங்கலைன்னுல்ல சொன்ன?"

"பொங்கிக் கொண்டாந்தேன். சீட்டு காலியா இருந்துச்சு. திருப்பிக் கொண்டு போய் மாட்டுத் தொட்டியில கொட்டினேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

ஜனவரி 21, செவ்வாய்

லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'காய்ச்சல்'.

ஜனவரி 23, வியாழன்

இன்னாசியை மில் வாசலிலேயே மறித்துச் சண்டை போட்டேன். "நான்தான் எழுதுனேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்ன கூட்டாளி நீரு?"

"மூணாவது அடியை எனக்கும்தான் ரயில்ல சொன்னீரு. வேணும்னேதான் அதை எழுதலை. அதை எழுதுனா பால்வண்ணத்துக்குத் தெரிஞ்சுபோகும், சத்தியம் போயிரும்னு விட்டேன். நீராத்தான் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு வாயில போட்டுக்கிட்டீரு. நான் என்ன செய்ய?"

"எழுதுனேன்னு சொல்லிக் காப்பாத்தியிருக்கலாம்ல?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னுதான் மாதா மேல சத்தியம் பண்ணேன். ஒமக்காகப் பொய் சொல்லுவேன்னு பண்ணலை."

இவன் வீட்டு ஞானஸ்நானத்துக்கு நான் மோதிரம் போட்டவன்.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் எழுந்தபோது வீட்டில் வடிவு இல்லை. சோறு வடித்து, ரசம் வைத்து மூடியிருந்தாள். முதல் பஸ்ஸுக்கு மதுரை போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பால்வண்ணமும் இன்னாசியும் கூடப் போயிருக்கிறார்கள். என்னிடம் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள், அடுத்தவன் வழக்குக்கு விடியுமுன்னே எழுந்து பூ வைத்துக்கொண்டு போகிறாள்.

வேலைக்குப் போனேன். நாலு பேருக்கு லேட் போட்டேன். ஒருவனை நியாயமில்லாமல்.

சாயந்திரம் ஏழு மணிக்கு வந்தாள். காலைக் கழுவிவிட்டு, நான் கேட்காமலே சொன்னாள். "மணி கேட்டேன்னு சொன்னேன். ஒங்க மில்லு வக்கீலு, ஒம் புருசன் சீட்டுல இருந்தாரான்னு கேட்டாரு. இல்லைன்னேன். எங்க இருந்தாருன்னு கேட்டாரு. அதை அவுகளைத்தான் கேக்கணும்னேன். ஜட்ஜு எழுதிக்கிட்டாரு. ஒங்களைக் கூப்புடுவாகளாம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எது?"

"அந்தக் குடோன்."

"அந்த வாரமே. திருப்பூர் போறதுக்கு முந்தி அவளே வந்து என் காலைப் பிடிச்சு அழுதா."

"எட்டு வருசமா வாயை மூடிக்கிட்டு இருந்தியா? அன்னைக்கே என்னைக் கேட்டிருக்கலாம்ல? மணி கேட்டதையாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? இப்பப் போய் ஊரு சிரிக்க..."

"நானும் குத்தவாளிதான்" என்றாள். "நீங்க சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். ஒரு வருசம் பாத்தேன், ரெண்டு வருசம் பாத்தேன். அந்தக் கனியம்மா துப்புறதைப் பாத்துக்கிட்டே அந்தக் கடை வழியா கோயிலுக்குப் போனேன். மேடையில நீங்க அழுத அழுகையைப் பாத்தப்போ, சரி, நாளைக்குக் காலையில சொல்லிருவாகன்னு நெனைச்சேன். காலையில அந்தாளு வந்து நிக்கான், நீங்க கற்பனைங்கீக."

சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 5, புதன்

மேனேஜர் கூப்பிட்டார். இந்தத் தடவையும் காபி. "வீட்டம்மாவுக்குப் பிள்ளை இல்லாத கவலையில மனசு கொஞ்சம் சரியில்லைன்னு கேள்விப்பட்டேன்" என்றார். அப்படி அவர் யாரிடமும் கேள்விப்பட்டிருக்க முடியாது. "டாக்டர் சர்ட்டிபிகேட் நம்ம பொறுப்பு. கோர்ட்டுல நீங்க அதை மட்டும் சொன்னாப் போதும். ஹெட் கிளார்க் போஸ்ட் ஏப்ரல்ல காலியாகுது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கோபப்பட்டு எழுந்து வந்தேன் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். ஆனால் காபியைக் குடித்தேன். யோசிக்கவும் செய்தேன். வீட்டுக்கு வந்து சேரும்வரை யோசித்தேன்.

வடிவு தையல் மெஷினில் என் சட்டைக்குக் காலர் திருப்பிக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூன்று தடவை முயற்சி செய்தாள். இவளையா பைத்தியம் என்று சொல்வது என்று அப்போதுதான் உறைத்தது.

பிப்ரவரி 17, திங்கள்

சம்மன் வந்துவிட்டது. மார்ச் 4.

வடிவிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் என்ன சொல்லணும்ங்கே?" என்று கேட்டேன்.

"இதுக்கும் நான் வசனம் எடுத்துக் குடுக்கணுமா?" என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

மேனேஜரிடம் போய், என்னால் முடியாது சார் என்றேன். குரல் நடுங்கியது. மேடையில் ஒரு நாளும் நடுங்கியதில்லை. அவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டே, "நீங்க போகலாம்" என்றார். காபி வரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தனியாகத்தான் மதுரைக்குப் போனேன். வருகிறாயா என்று நேற்று கேட்டதற்கு, "நீங்க சொல்லுறதை நான் உக்காந்து கேக்கணுமா?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

கோர்ட்டு என்றால் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். சின்ன அறை. மின்விசிறி கடகடவென்று ஆடியது. மொத்தம் ஒன்பது பேர். ஜட்ஜ் ஏதோ காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கூண்டில் ஏறினேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"மணி கேட்டதா?"

"கேட்டது."

"விசாரணையில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்களே?"

"பொய் சொன்னேன்."

"எங்கே இருந்து கேட்டீர்கள்?"

வேஸ்ட் குடோனில் இருந்து என்றேன். அங்கே ஏன் போனீர்கள் என்றார் மில் வக்கீல். சொன்னேன். அந்தப் பெண் பெயரைக் கேட்டார். அதைச் சொல்ல மாட்டேன், என் பெயர் போதும் என்றேன். ஜட்ஜ் தலையசைத்து மேலே போகச் சொன்னார். டைப் அடிக்கிற அம்மாவுக்கு நான் பேசியது வேகமாகப் போய்விட்டது. "குடோன்ல யாரோட? கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க சார்" என்றார். நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக மறுபடியும் சொன்னேன். முதல் தடவை சொன்னதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. அமைதி கிமைதி ஒன்றும் விழவில்லை. பின்பெஞ்சில் அடுத்த கேஸ்காரன் கொட்டாவி விட்டான். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வெளியே பால்வண்ணம் நின்றான். நன்றி சொல்லுவான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "இதைக் கனியம்மாகிட்டயும் வந்து சொல்லணும்" என்றான். வருகிறேன் என்றேன். தீர்ப்பு அடுத்த மாதமாம். இன்னாசி ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். அவனிடம் இன்னும் சரியாகப் பேச முடியவில்லை. பேசுவேனா என்றும் தெரியவில்லை.

வீடு பூட்டியிருந்தது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். சங்கரன்கோவில், அண்ணன் வீட்டுக்கு. எப்போது வருவாள் என்று சொல்லவில்லையாம். தையல் மெஷினையும் எடுத்துப் போயிருக்கிறாள். காலர் திருப்பிய சட்டை கொடியில் மடித்துக் கிடந்தது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொல்லு, சொல்லு என்று எல்லாருமாகச் சேர்ந்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். ஏறிச் சொல்லிவிட்டு வந்தால் சோறு போட ஆள் இல்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்கவாவது ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா என்று வாசல்படியில் உட்கார்ந்து வாய்விட்டே கேட்டேன்.

எட்டு வருடம் இருந்தாள் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.